ஆமைக்கு ஒரு துளை

எரிவாயு உருளை ஆலையில் கசிவு சோதிக்கும் பொறியாளர் நான். மாலை வகுப்பில் களிமண்ணை இரண்டு பாதிகளாகக் குடைந்து ஒட்டி ஓர் ஆமை செய்தேன். அடியில் விடச் சொன்ன ஊசித்துளையைப் பழக்கதோஷத்தில் அடைத்துவிட்டேன்.

ஆசிரியை கனகவல்லி அதைத் திருப்பிப் பார்த்தார். “காத்து போக வழி எங்க சார்? சூளையில வெடிச்சிரும்.”

“ஓட்டையப் பார்த்தா கை சும்மா இருக்காது மேடம்.”

“அப்ப கைய வீட்டுல வச்சிட்டு வாங்க,” என்று ஊசியை நீட்டினார். “சீக்கிரம். சூளைய மூடப் போறேன்.”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேலாளர். எடுத்தால் ஆலைக்குப் போக வேண்டும். எங்கே குத்துவது, ஆமை உடைந்துவிடுமோ என்று தயங்கினேன். போன் நின்று மறுபடி அதிர்ந்தது. ஊசியை ஆமையின் வயிற்றில் இறக்கினேன். உள்ளிருந்து மெல்ல யாரோ மூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்டது. போன் நிற்கவில்லை.