நாற்பத்தேழாம் நம்பர்

பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்யும் பரீட்சையில் தேறுகிறவருக்கு எண் பொறித்த இரும்பு அச்சு ஒன்றைக் கொடுப்பார்கள். அவர் செய்த ஒவ்வொரு ஜாயின்ட்டின் பக்கத்திலும் அதைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். அச்சு கைக்கு வந்தால் கூலி இரட்டிப்பாகும். ஆறு வருடம் கிரைண்டிங்கில் உதவியாளாகக் கிடந்த கனகவல்லிக்கு ஃபோர்மேன் அசன் பாய் கொடுத்தது நாற்பத்தேழு.

“இது செத்துப்போன லூர்து அண்ணன் நம்பராச்சே, பாய்?”

“நம்பருக்கு ஏதும்மா சாவு? வேணாம்னா கிரைண்டிங் மெஷின் அங்கேயேதான் இருக்கு. பழைய கூலியும் அங்கேயேதான் இருக்கு.”

வாங்கிக்கொண்டாள். முதல் ஜாயின்ட்டின் எக்ஸ்ரே சரியாக வந்தால்தான் புதுக் கூலி. சாயங்காலம் எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி சிரித்தார்.

“சுத்தமான வேலை. ஆனா அடிப்பக்கம் ஒரு நொடி நின்னு போயிருக்க பாரு, லூர்து மட்டுந்தான் அப்படி நிப்பான். அவன்கிட்டயா கத்துக்கிட்ட?”

லூர்து இருந்தவரை அவள் வெல்டிங் ஹோல்டரைத் தொட்டதே இல்லை. இன்றைக்கு எந்த இடத்திலும் கையை நிறுத்தவும் இல்லை.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி துரைப்பாண்டி பேனாவை நீட்டினார். “நீ பண்ணதுதானே?”

“ஆமா சார்,” என்றாள் கனகவல்லி. “நான்தான் நின்னேன்.”