ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று

பெயர் சொன்னார். கிழமை சொன்னார். இது மதுரை என்றும் சொன்னார்.

டாக்டருக்குத் திருப்தி. மூளையிலிருந்து கட்டியை எடுத்த மறுநாளே இவ்வளவு தெளிவு பெரிய விஷயம், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்று செண்பகாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவளுக்கு மனம் ஆறவில்லை.

பெயரும் கிழமையும் யாருக்குத்தான் தெரியாது? அவளுக்கு வேண்டியது அந்த மனிதர். பஸ் டிக்கெட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, இது பகா எண், எதாலும் உடைக்க முடியாது என்று கண்டக்டரிடமே விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர். கேஸ் சிலிண்டர் வந்தால் எடையை விட்டுவிட்டு, அதன் மேல் அடித்திருக்கும் எண்ணை வகுத்துக்கொண்டு நிற்கிற மனிதர்.

அவர் உள்ளே இருக்கிறாரா?

குனிந்து மெல்லக் கேட்டாள்.

“அஞ்சு லட்சத்துப் பத்தாயிரத்து ஐநூத்திப் பதினொண்ணு. இது என்ன எண்ணுங்க?”

அவர் முகம் மலர்ந்தது. யோசிக்கவே இல்லை.

“பகா எண்.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சொன்ன விடை அது.

இரண்டு, மூன்று, ஐந்து என்று பதினேழு வரையுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருகிற எண். அவற்றில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். அதை நம்பி, இதுவும் பகா எண்தான் என்று ஆசிரியர்கள் அறையில் அடித்துச் சொன்னாள். எதிர் மேஜையில் இருந்த அவர் சிரித்தார். பதினேழோடு நின்றுவிட்டீர்களே, பத்தொன்பது அடுத்த வீடுதானே, கதவைத் தட்டிப் பார்த்தீர்களா என்றார்.

தட்டினாள். மீதியில்லாமல் வகுபட்டது.

அவமானத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தது, கல்யாணத்தில் போய் நின்றது. இத்தனை வருஷமும் அதைச் சொல்லிச் சொல்லியே அவளைச் சீண்டினார். ஒரு நாளாவது விட்டிருப்பாரா, பாவி மனுஷன்.

“சரிதானே?” என்றார் இப்போது.

அப்படி அவர் யாரிடமும் கேட்டதில்லை.

“சரிதாங்க” என்றாள்.

“இன்னொண்ணு கேளு, செண்பகா.”

பெரிய எண்களை நினைத்தாலே பயமாக இருந்தது. ஆயிரம் வேண்டாம். நூறும் வேண்டாம். அவரால் தப்பாகச் சொல்லவே முடியாத ஒன்றைத் தேடிக் கீழே கீழே இறங்கினாள்.

“ஏழு” என்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்.