மாப்பிள்ளைக் கோப்பை

ஜெர்மனியின் சில்ட் தீவில், தாஹிர் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். கோட்டும் டையுமாகப் பிரார், பக்கத்தில் அவன் அப்பா கெட்டெல். பெண் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சம்மதம் சொல்லவேண்டியவன் தாஹிர். அனுப்பத்தான் அவனுக்கு மனசு வரவில்லை.

"துருக்கியில 'கும்'னா மணல். உங்க தீவுப் பாஷை ஃப்ரீசியன்ல என்ன தம்பி?" என்று பிராரைச் சீண்டினான் தாஹிர்.

"'வா'ன்னு அர்த்தம்."

"மணல்லயே குடியிருக்கீங்க, அதுக்கு நாங்க பேர் வைக்கணுமா!"

"நாங்க 'வா'ன்னு கூப்பிட்டதாலதானே நீங்க இங்கே வேலைக்கு வந்தீங்க?"

தாஹிர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சாம்?"

"ஜெர்மன், இங்கிலீஷ், நாங்க, எல்லாருக்கும் அதுல ஒரே பாட்டன்."

"எங்களுது ஆசியாவுலேருந்து குதிரையேறி வந்தது, தெரியுமில்ல?"

காப்பி தயாரானது. தாஹிரே தட்டை வாங்கி வந்தான். துருக்கியர் வீட்டில் மாப்பிள்ளைக்கு உப்புக் காப்பி. முகம் சுளிக்காமல் குடித்தால்தான் பெண். சிவப்பு நாடா கட்டிய கோப்பை விருந்தாளிக்கான மரியாதை என்று நினைத்து, பிரார் அதை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். உடனே புரையேறி இருமினான்.

"உப்பு! ஐயோ, கடல் தண்ணி!"

"அட, அது மாப்பிள்ளைக் கோப்பைப்பா! உங்கப்பாகிட்ட குடு!"

எழுபது வயதுக் கெட்டெல் கோப்பையை வாங்கி, கண்கூட இமைக்காமல் அடி மண்டி வரை குடித்து முடித்தார். அடுப்படி வாசலில் தாஹிரின் அம்மா நிகார், பதினாறு வயசுப் பெண்போலத் தலை குனிந்து நின்றாள்.

தாஹிர் எழுந்து, வீட்டுப் பெரியவருக்குச் செய்யும் துருக்கி வழக்கப்படி கெட்டெலின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மாடிப்படி ஏற விடாதீங்க," என்றான்.