இழுக்காத வண்டி

வீட்டுக் கொட்டகையின் தகரத்து ஓட்டையில் இறங்கும் வெயில், அந்தப் பழைய காரின் திறந்த என்ஜின்மேல் நடுங்குகிறது. "பிளக், கார்பரேட்டர் எல்லாம் தங்கமா இருக்கு. அப்புறம் ஏன் நத்தையா ஊருது?" என்று முனகும் மெக்கானிக், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைக்கிறார். ஆக்சிலேட்டர் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை, நீலக் கோடு போட்ட துணியால் கட்டப்பட்டிருக்கிறது. காரின் சொந்தக்காரர் அந்தத் துணியை உற்றுப் பார்க்கிறார். பைக்கில் பறந்து போய் வீடு திரும்பாத மூத்த மகனின் சட்டைத்துணி அது. இளையவன் இப்போதுதான் இந்தக் காரை ஓட்டப் பழகுகிறான். வாசலில் நிற்கும் மனைவி, அவர் பார்வை பட்டதும் தலையைக் குனிந்துகொள்கிறாள். "பிடுங்கிடட்டுமாண்ணே? வண்டி சிட்டாப் பறக்கும்" என்கிறார் மெக்கானிக். சொந்தக்காரர் குனிந்து, தளர்ந்திருக்கும் முடிச்சை இழுத்து இறுக்குகிறார்.