நெய்க்காரரின் கொழுப்பு

"ஏனுங்க டாக்டரு, யாரைப் பாத்துக் கொழுப்புங்கறீங்க? ராசிபுரத்துல எவனும் எம்மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொன்னதில்லீங்க."

நெய்க்கடைத் தங்கமுத்து துண்டை உதறிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"உட்காருங்க. உங்க குணத்தைச் சொல்லலை, ரத்தத்தைச் சொல்றேன்," என்றார் சேலத்து டாக்டர் கஸ்பார். "ரத்தத்துல எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு இப்ப மெட்ராஸ்ல பரிசோதனை பண்ணிச் சொல்றாங்க. நிறைய இருந்தா மறுபடியும் மாரடைப்பு வரலாம்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம். எதுக்கும் நெய்யை மட்டும் வாயில வைக்காதீங்க."

ரத்தம் மெட்ராசுக்குப் போனது. தங்கமுத்துவுக்கு உயிர்ப் பயம் ஒரு பக்கம், கடைப் பயம் ஒரு பக்கம். தினமும் காலையில் வாடிக்கைக்காரர்கள் முன்னால் தன் கடை நெய்யை ஒரு கரண்டி மொண்டு மடக்கென்று குடித்துக் காட்டுவது அவர் வழக்கம். அந்தக் கரண்டியை நம்பித்தான் ஓமலூர்க் கல்யாண வீடுகளுக்குக்கூட அவருடைய நெய் டின்கள் போயின. குடிப்பதை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும். நிறுத்தாவிட்டால் அவரே படுத்துவிடுவார்.

"டாக்டர் சொன்னாப்பல கொஞ்ச நாளைக்கு உட்டுப்போடுங்களேன்," என்று மனைவி மாரியாயி கெஞ்சினாள்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? நான் நிறுத்தினா, மொதலாளியே குடிக்க மாட்டேங்கறாருன்னு ஊரே பேசிப்போடும்."

அப்புறமும் தினமும் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு முருகா, முருகா என்று குடித்தார். பிழைப்பு என்றால் சும்மாவா?

பரிசோதனை முடிவு வந்தது. நாமக்கல் போகிற வழியில் டாக்டரே ராசிபுரத்தில் இறங்கிக் கடைக்கு வந்தார். முகூர்த்த மாதம், கடையில் நல்ல கூட்டம். தங்கமுத்து கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இங்கயே சொல்லட்டுமா?"

"எதானாலும் சொல்லிப்போடுங்க சாமி."

"ரத்தத்துல கொழுப்பு ரொம்பக் கம்மி. மெட்ராஸ்காரங்களுக்கே ஆச்சரியம். இப்போதைக்குப் பயமில்லை. நான் சொன்னபடி நெய்யை அடியோட விட்டீங்க பாருங்க, அதோட பலன்," என்று சிரித்தார் டாக்டர்.

தங்கமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருக்கலாம். கூட்டத்தைக் கண்டதும் வியாபாரி புத்தி சும்மா இருக்கவில்லை.

"நெய்யை உட்டனா? நானா? இவங்களைக் கேளுங்க டாக்டரு. ஒரு நாள் உட்டதில்லீங்க. எங்கடை நெய்யி நெஞ்சுக்கே மருந்துங்க."

"ஆமாங்க, இப்பத்தான் எங்கண்ணு முன்னால ஒரு கரண்டி குடிச்சாரு," என்றாள் மாரக்காள். மகள் கல்யாணத்துக்கு நெய் வாங்க மல்லசமுத்திரத்திலிருந்து காலி டின்னோடு பஸ் ஏறி வந்தவள் அவள்.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "தினமுமா?"

"தினமுந்தானுங்க," என்றார் தங்கமுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

"ஒரு கரண்டி இப்படிக் கொடுங்க."

தங்கமுத்து பெருமையாக மொண்டு கொடுத்தார். டாக்டர் முகர்ந்து பார்த்தார். பையிலிருந்து டிஞ்சர் அயோடின் புட்டியை எடுத்து, கரண்டியில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினார். நெய் கருநீலமாகிவிட்டது.

"மாவு இருந்தாத்தான் இப்படி நீலமாகும். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மாவு," என்றார் டாக்டர். "மிச்சம் கடலை எண்ணெய். உங்க நெய்யில நெய் இல்லாததாலதான் நீங்க உயிரோட இருக்கீங்க."

கலப்படம் தன் கைவேலைதான் என்பதே உயிர்ப் பயத்தில் மறந்துபோயிருந்த தங்கமுத்து, கரண்டியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாரக்காள் காலி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மெட்ராசுக்கு இன்னொருக்கா எழுதிப் போடுங்க சாமி. ரத்தத்துல இல்லாட்டிப் போகுது, இந்தாளுக்குக் கொழுப்பு கொஞ்சநஞ்சமில்லீங்க."