மரவள்ளிக் கேக்கில் பாதி

சீனன்குடாவில் வேலை முடிந்து வந்த வல்லிபுரம் சட்டையைக் கழற்ற முன்னமே, மனைவி வள்ளியம்மா குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"நான் ஒவ்வொருமுறையும் சுடுற கேக்கில பாதியை ஆருக்குக் கொண்டுபோறனீங்கள்?"

"எங்கட துரைக்குத்தான்."

"துரை கொழும்புக்கு மாறிப்போய் ரெண்டு வருஷமாம். இண்டைக்குத்தான் சந்தையில அறிஞ்சனான்."

வல்லிபுரம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"கோதுமை மா கிடையாத காலம். வளவில மரவள்ளி கிண்டி, சீவி, காயவைச்சு, இடிச்சு, நான் கேக் சுடுறன். நீங்கள் அதை எவளுக்குக் குடுக்கிறீங்கள்?"

"கப்பல்துறையில ஒருத்திக்கு."

அவள் குசினியை விட்டு வெளியே வந்தாள். "பிள்ளையள் இருக்கோ?"

"ரெண்டு."

"அவளின்ர பேரைச் சொல்லுங்கோ."

"பூரணம். உன்ர தங்கச்சி."

விரும்பினவனோடு ஓடிப்போன தங்கையின் பெயரை இந்த வீட்டில் ஒருவரும் எடுக்கக்கூடாது என்று ஆறு வருஷத்துக்கு முன் சொன்னவள் வள்ளியம்மாதான். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சுட்டதெண்டு அவளுக்குத் தெரியுமோ?"

"ஓம். முதல் வாயிலயே கண்டுபிடிச்சிட்டாள்."

"தெரிஞ்சும் இவ்வளவு நாளும் திண்டுபோட்டு, ஒருக்கா என்னைப் பாக்க வரேல்லை." வள்ளியம்மா கோபத்தோடு எழும்பினாள். "வெளிக்கிடுங்கோ. கடைசி பஸ் போக முன்னம் அவளை நேரில கேக்கவேணும்."