துண்டுக்கு அடியில் மூடுபனி

“நிலா எனக்குங்க. அதுல பேச்சே கெடையாது” என்றான் ஜெயபிரகாஷ்.

“எடுத்துக்கச் சொல்லுங்க பாய். தேஞ்ச சரக்கு. எனக்கு ட்யூப்லைட் போதும்” என்றாள் மேனகா.

ஒண்டிக்கடை முக்கில் மிளகு மண்டி வைத்திருக்கும் சையத் இப்ராஹிம், நாற்பது வருடத் தரகில் எத்தனையோ பேரம் முடித்தவர். மிளகு, காப்பி, ஆரஞ்சு. ஒரு முறை ஒரு ஜீப்பை அதன் டிரைவரோடு சேர்த்தே கைமாற்றி விட்டிருக்கிறார். ஆனால் கவிதைச் சரக்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று யாரும் அவரிடம் வந்ததில்லை.

இருவரும் கவிஞர்கள். செம்மநத்தத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஜெயபிரகாஷ், நிலா, குயில், அருவி என்று உருகுகிற கட்சி. பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் மாரமங்கலத்து மேனகா, கிழிந்த சிப்ஸ் பாக்கெட், நின்றுபோன கடிகாரம் என்று நறுக்குகிற கட்சி. நாலு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் எதை யார் எழுதுவது என்று பிரித்தாக வேண்டும். பிரியாவிட்டால் கையெழுத்தே கிடையாது என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றுதான்.

“இதுக்கெல்லாம் வக்கீலுங்க இருக்காங்களே, சாமி” என்று பாய் நழுவப் பார்த்தார்.

“வக்கீலுக்கு அருவியோட தரம் தெரியுங்களா?” என்றான் ஜெயபிரகாஷ்.

“ஏங் கண்ணு, ரெண்டு பேரும் எல்லாத்தையும் எழுதிட்டுப் போனா என்ன கெட்டுப் போச்சு?”

“போன மாசம் ஒரே பத்திரிகையில எங்க ரெண்டு பேரு மூடுபனியும் எதிரெதிர்ப் பக்கத்துல வந்துச்சுங்க. நான் இவரைக் காப்பியடிச்சேன்னு ஊரே பேசுது.”

“நான் இவளைக் காப்பியடிச்சேன்னு பக்கத்து ஊரு பேசுதுங்க!”

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிளகு மூட்டையைக் குத்திப் பார்க்கும் கம்பியைக் கையில் எடுத்தார்.

“சரி. அருவி தம்பிக்கு. மலை ரோட்டு வளைவு இருபதும் அம்மிணிக்கு.”

“மேல இருக்கிற ரெண்டு வளைவு எனக்கு வேணுங்க. அங்கதான் காட்டுப்பூ இருக்குது.”

“ரெண்டு வளைவு குடுக்கறேன். பதிலுக்கு எறும்பை எனக்கு விட்டுடணும்” என்றாள் மேனகா.

“எறும்பா? மொத்தமா எடுத்துக்கோ.”

“ஏரி?” என்று கேட்டாள் மேனகா.

“தண்ணி தம்பிக்கு. பெடல் ஒடஞ்ச படகு அம்மிணிக்கு” என்று பாய் ஒரே வெட்டாக வெட்டினார். “சாவு?”

“அது ரெண்டு பேருக்குமே வேணுங்க.”

“வச்சிக்குங்க. தீராத சரக்கு.”

அடுத்து ஜெயபிரகாஷ், விடிய விடியப் பாடும் ஒரு ஐரோப்பியப் பறவையைக் கேட்டான்.

“இந்த மலையில அதைப் பாத்திருக்கியா தம்பி?”

“புஸ்தகத்துல பாத்திருக்கேங்க.”

“அப்ப வெளியூர்ச் சரக்கு. தள்ளு. உனக்கென்ன அம்மிணி?”

“மாநகரத் தனிமைங்க.”

“மாரமங்கலத்துல ஏதும்மா மாநகரம்? பஸ்ஸுல ஏறுனா கண்டக்டர் உங்கம்மா மூட்டுவலியைக் கேக்கறான். அதையும் தள்ளு.”

இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது மூடுபனி மட்டும். மணி மூன்றரை.

“அது வெக்கப்படற பொண்ணுங்க. எனக்குத்தான்” என்றான் அவன்.

“அது எவன் மூஞ்சியும் தெரியாத காலம்ங்க. எனக்குத்தான்” என்றாள் அவள்.

“எனக்கு அது மிளகுல ஈரம் ஏத்துற சனியன்” என்று பாய் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சர்ச்சைக்குரிய பொருள் அதற்குள் பாதி கடைக்குள் வந்துவிட்டிருந்தது.

இனி வாய்ப்பேச்சு உதவாது என்று பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரல் கணக்கில் பேரம் படிய வைப்பது மண்டி வழக்கம். வெளியே ஒரு சத்தமும் இருக்காது.

“ஒரு விரல்னா வருசத்துக்கு ஒரு மூடுபனிக் கவிதை. பொம்பளைப் புள்ள கையை நான் புடிக்க மாட்டேன். நீங்களே புடிச்சுப் பேசிக்குங்க.”

துண்டு விழுந்தது. முதலில் அது கோழி புகுந்த சாக்கு மாதிரி துள்ளியது. பிறகு மெல்ல அசைந்தது. பிறகு அசையவே இல்லை.

“படிஞ்சுதா?”

“இன்னும் இல்லைங்க” என்றான் ஜெயபிரகாஷ், கூரையைப் பார்த்தபடி.

பத்து நிமிடம் போனது.

“அம்மிணி, எத்தனை விரலுக்கு நிக்குது?”

“எண்ணிட்டு இருக்கறோங்க பாய்” என்றாள் மேனகா. அவள் முகம் சிவந்திருந்தது.

நாற்பது வருட அனுபவம் பாய்க்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. கம்பியைக் கீழே வைத்தார். “அப்ப மூடுபனி பொதுவுலயே கெடக்கட்டும்னு எழுதிக்கறேன். யாரு எழுதுனாலும் மத்தவங்க குத்தம் சொல்லக் கூடாது. சம்மதமா?”

இரண்டு தலைகள் ஆடின. துண்டு ஆடவில்லை.

அப்போது உள்ளேயிருந்து பாயின் மனைவி ரஹமத் பீவி வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே இரண்டு சம்பங்கி மாலைகள்.

“நல்லா இருக்குதே கூத்து! ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்தறதுக்கு முன்னாடியே இப்பிடிக் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, அப்புறம் கல்யாணம் எதுக்கு கண்ணு?”